கொழும்பில் ஒரு தனியார் மருத்துவ நிறுவனத்துக்கு விலை மதிப்பிடுவது எப்படி?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பகுதிகளில் சனலிங் நிலையம் (முன்பதிவு செய்து விசேட வைத்தியர்களைச் சந்திக்கும் இடம்), இரத்தப் பரிசோதனை ஆய்வுகூடம், பல் சிகிச்சை நிலையம், பாமசி என்று சிறிய மருத்துவ நிறுவனங்கள் ஓசையின்றிக் கைமாறுகின்றன. பெரும்பாலும் உரிமையாளரான வைத்தியர் ஓய்வுபெறுகிறார், அல்லது கனடாவிலோ இலண்டனிலோ உள்ள பிள்ளைகளிடம் போக முடிவெடுக்கிறார். வாங்க வருபவர் இளம் வைத்தியராகவோ, ஊரில் முதலிட விரும்பும் புலம்பெயர்ந்த குடும்பமாகவோ, ஏற்கெனவே இரண்டு கிளை வைத்திருப்பவராகவோ இருப்பார். விலைப் பேச்சோ "இலாபத்தைப் போல ஐந்து மடங்கு" என்ற ஒற்றை வாய்பாட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்த வேலையில் முதன்முறையாக இறங்கும் கணக்காளர்களுக்கும் வாங்குநர்களுக்கும் ஒரு வழியைக் காட்டவே இதை எழுதுகிறேன். எந்த மடங்கையும் கையில் எடுக்கும் முன்னர் இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். கல்லாவுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயையும் கட்டுபவர் யார்? அந்த ரூபாய் உண்மையில் யாருக்குச் சொந்தம்? இவை தெளிவானால் பெருக்கல் கணக்கு எளிது. தெளிவாகாவிட்டால் எவ்வளவு நேர்த்தியான கணினி அட்டவணையும் உதவாது.

முதற்படி: பணம் கட்டுபவர்களைப் பிரித்தெழுதுங்கள்

இணையத்தில் கிடைக்கும் மதிப்பீட்டுக் குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்கச் சந்தைக்காக எழுதப்பட்டவை. அங்கே 65 வயதைக் கடந்தோருக்கான அரச காப்புறுதியான மெடிகெயார் திட்டம் ஆண்டுதோறும் கட்டண அட்டவணையை வெளியிடுகிறது. அந்த அட்டவணையில் ஒரு வரி மாறினால் ஒரு துறையின் வருமானமே மாறிவிடும். ஆகவே மீளளிப்பு வீதங்களைக் கணிப்பதே அங்கு மதிப்பீட்டாளரின் முதல் வேலை. இலங்கையில் நிலைமை வேறு. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம், தனியார் துறைக்கு வரும் பணத்தின் பெரும்பகுதியோ நோயாளியின் சொந்தப் பையிலிருந்து வருகிறது. எனவே இங்கே கட்டணத்தைக் கட்டுப்படுத்துபவை மூன்று: உச்சவிலை விதிக்கும் வர்த்தமானி அறிவித்தல், டொலரின் விலை, கட்டணமே அறவிடாத அரச வைத்தியசாலை என்னும் போட்டியாளர். குடும்பத்தின் கையில் பணம் சுருங்கும்போது நோயாளி அடுத்த தெருவில் உள்ள மலிவான நிலையத்துக்கு மட்டுமல்ல, களுபோவில அரச வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ போய்விடுவார் என்பதை மறந்து எந்த எதிர்வுகூறலையும் எழுதாதீர்கள்.

கடந்த பன்னிரண்டு மாத வருமானத்தைப் பணம் கட்டியவர் வாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். காசாகவோ அட்டையாகவோ உடனே கட்டியவர்கள் ஒரு பிரிவு. காப்புறுதிக் கம்பனி நேரடியாகச் செலுத்தும் கணக்குகள் இன்னொரு பிரிவு. நோயாளி முதலில் கட்டிவிட்டுப் பிறகு தாமே கிளெய்ம் செய்யும் தொகைகளை இதில் சேர்க்கக்கூடாது, ஏனெனில் அங்கே காத்திருப்பது நோயாளிதான், நிறுவனம் அல்ல. ஊழியர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்விக்கும் கம்பனிகளின் ஒப்பந்தங்கள், வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரின் உடற்தகுதிப் பரிசோதனைகள் என்பவற்றையும் தனியே எழுதுங்கள். அவை ஒரு கையொப்பத்தில் வந்து ஒரு கடிதத்தில் போகக்கூடியவை. கொழும்புத் தமிழர் வட்டாரத்தில் இன்னொரு பிரிவும் உண்டு: யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறும் முதியவர்கள், அவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள். ரூபாய் வீழ்ச்சியடையும்போது மற்றப் பிரிவுகள் சுருங்க, இந்தப் பிரிவு தாங்கிநிற்கும். ஆகவே அதன் அளவை ஊகிக்காமல் முகப்பு ஊழியர்களிடம் உட்கார்ந்து கேட்டறிவது பயனுள்ளது.

காப்புறுதிப் பணத்தில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, உச்சவரம்பு. அரச ஊழியர்களுக்கான அக்ரஹார திட்டமானாலும் தனியார் கம்பனிகளின் குழுக் காப்புறுதியானாலும் குறிப்பிட்ட தொகை வரைதான் மீளக் கிடைக்கும். விலைவாசி ஏறும் வேகத்தில் அந்த வரம்பு ஏறுவதில்லை, வித்தியாசத்தை நோயாளியே சுமக்கிறார். இரண்டாவது, தாமதம். ஆண்டுக்கு 18 மில்லியன் ரூபாய் காப்புறுதிக் கம்பனிகளிடமிருந்து வரும் ஒரு நிலையத்தில், பணம் வந்துசேரும் காலம் 60 நாளிலிருந்து 90 நாளாக நீண்டால் 1.5 மில்லியன் ரூபாய் கூடுதலாக முடங்கிவிடும். இலாப நட்டக் கணக்கில் இது தெரியவே தெரியாது. கடன்பட்டோர் பட்டியலை வயது வாரியாக வாங்கி, 90 நாளைக் கடந்தவற்றில் எவ்வளவு நிராகரிக்கப்பட்டது என்று தனித்தனியே கேளுங்கள்.

இரண்டாவது: ரசீதைக் கையில் எடுங்கள்

சனலிங் நிலையத்தின் முகப்பில் கொடுக்கப்படும் ஒரு ரசீதைப் பார்த்தால் அதில் இரண்டு வரிகள் இருக்கும்: வைத்தியர் கட்டணம், நிலையக் கட்டணம். நோயாளி 3,200 ரூபாய் கட்டினார் என்றும் அதில் வைத்தியருக்கு 2,500, நிலையத்துக்கு 700 என்றும் வைத்துக்கொள்வோம். அன்றிரவே அந்த 2,500 கடித உறையில் இட்டு வைத்தியரிடம் போகிறது, அல்லது மாத முடிவில் அவரது கணக்குக்கு மாற்றப்படுகிறது. அது ஒருபோதும் நிலையத்தின் வருமானம் அல்ல. ஆனால் விற்பவர் தரும் "ஆண்டு வியாபாரம்" என்ற இலக்கத்தில் அந்த 2,500 பல வேளைகளில் சேர்ந்தே இருக்கும். நிலையம் வைத்தியருக்காகப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் முகவராக இருக்குமிடத்தில் தன் பங்கை மட்டுமே வருமானமாகக் காட்டவேண்டும் என்பதே கணக்கீட்டு நியமமும் சொல்வது.

தொடர்ந்து பயன்படுத்துவதற்காக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். காலி வீதிக்குச் சற்று உள்ளே ஒரு சனலிங் நிலையம், அதனுடன் ஆய்வுகூடமும் பாமசியும். ஆண்டில் கல்லாவுக்கு வந்தது 120 மில்லியன் ரூபாய். வைத்தியர் கட்டணமாக வெளியே போனது 60 மில்லியன். எஞ்சிய 60 மில்லியனில் நிலையக் கட்டணம் 12, ஆய்வுகூடம் 36, பாமசி 12. வட்டி, வரி, பெறுமானத்தேய்வு என்பவற்றுக்கு முன்னரான இலாபம் 16 மில்லியன் என்று கணக்கு சொல்கிறது. அதன் ஐந்து மடங்கான 80 மில்லியனை உரிமையாளர் கேட்கிறார்.

மூன்றாவது: இலாபத்தைச் சீர்செய்யுங்கள்

உரிமையாளர் தாமே காலை முதல் மாலை வரை நிர்வாகத்தைப் பார்க்கிறார், சம்பளம் எடுப்பதில்லை. அவருக்குப் பதிலாக ஒருவரை மாதம் 300,000 ரூபாய்க்கு அமர்த்தவேண்டும் என்றால் 3.6 மில்லியனைக் கழிக்கவேண்டும். கட்டடம் அவர் மனைவியின் பெயரில் உள்ளது. மாத வாடகையாக 150,000 மட்டும் பதியப்படுகிறது, சந்தை வாடகை 350,000. ஆகவே மேலும் 2.4 மில்லியன் கழிகிறது. மறுபுறம் குடும்ப வாகனச் செலவு 1.2 மில்லியனும், மீண்டும் நேராத ஒரு திருத்தச் செலவு 0.8 மில்லியனும் நிறுவனத்தின் தலையில் போடப்பட்டுள்ளன. அவற்றைத் திரும்பக் கூட்டலாம். சீர்செய்த இலாபம் 12 மில்லியன். இதற்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகாது, ஆனால் விலையில் கால்பங்கு இங்கேயே போய்விட்டது.

எந்த ஆண்டை அடிப்படையாகக் கொள்வது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. கொரோனாக் காலத்தில் பி.சி.ஆர். பரிசோதனையால் பல ஆய்வுகூடங்களின் வருமானம் வீங்கியது. 2021 ஓகஸ்டில் அதற்கு 6,500 ரூபாய் உச்சவிலை வர்த்தமானியில் வந்தது, பின்னர் பரிசோதனையே அருகிப்போனது. அந்த ஆண்டுகளைச் சராசரியில் சேர்க்கக்கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. டெங்கு ஆண்டுகளும் இப்படித்தான். 2017இல் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள், அத்தகைய ஆண்டில் முழு இரத்தக் கலப் பரிசோதனை எண்ணிக்கை எகிறிவிடும். 2022, 2023ஆம் ஆண்டுகளின் வருமான வளர்ச்சியையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்தக் காலத்தில் ரூபாயில் 40 சதவீத வளர்ச்சி கண்ட நிலையம் உண்மையில் சுருங்கியிருக்கலாம். எனவே ரூபாயை விட்டு எண்ணிக்கையைக் கேளுங்கள்: மாதம் எத்தனை நோயாளிகள், எத்தனை பரிசோதனைகள், எத்தனை மருந்துச் சிட்டைகள். ஆய்வுகூட மென்பொருளிலிருந்து இதை எடுக்கப் பத்து நிமிடம் போதும். தர மறுப்பவரிடம் வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

வரியையும் கவனியுங்கள். சுகாதார சேவை வழங்கும் கம்பனிகளுக்கு 14 சதவீதமாக இருந்த வருமான வரி, 2022 ஒக்டோபர் முதல் 30 சதவீதமாயிற்று. அதற்கு முன்னர் நடந்த விற்பனைகளின் மடங்குகளை இன்று எடுத்துக்காட்டுபவரிடம் இதை நினைவூட்டுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். நிறுவனத்தின் எந்தச் சேவை விலக்களிக்கப்பட்டது, எது இல்லை என்று வரி ஆலோசகரிடம் எழுத்தில் பெறுங்கள். விலக்களிக்கப்பட்ட சேவைக்காக வாங்கும் பொருட்களில் கட்டிய வரியைத் திரும்பப் பெறமுடியாது, அது செலவோடு செலவாகிவிடும்.

நான்காவது: வைத்தியரின் பெயரா, நிலையத்தின் பெயரா?

மதிப்பீட்டில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் படியில்தான். கொழும்பில் மாலை நேர சனலிங் பெரும்பாலும் அரச சேவையில் உள்ள விசேட வைத்திய நிபுணர்களைக் கொண்டே நடக்கிறது. பகலில் அரச வைத்தியசாலையில் கடமை, மாலை ஐந்து மணிக்குப் பிறகு தனியார் நிலையங்கள். அவருக்கு இடமாற்றம் வந்தால், அல்லது 2022க்குப் பிறகு பலர் செய்ததைப்போல வெளிநாடு போனால், அல்லது எதிர்த் தெருவில் புது நிலையம் நல்ல அறையும் வாகனத் தரிப்பிடமும் கொடுத்தால், நோயாளிகளும் அவரோடு போய்விடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் நன்மதிப்பு என்று எழுதப்படுவதில் எவ்வளவு கட்டடத்தோடு நிற்கும், எவ்வளவு வைத்தியரோடு நடந்துபோகும் என்பதை அளக்கவேண்டும்.

அளக்க வழி உண்டு. ஆய்வுகூடத்தின் கருமபீடத்தில் ஒரு மாதத்துப் பரிசோதனைச் சிட்டைகளைக் கட்டாக வாங்குங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வைத்தியரின் முத்திரை இருக்கும்; நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு முத்திரையை மட்டும் பாருங்கள். முத்திரை வாரியாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின் பரிசோதனைக் கட்டணத்தையும் கூட்டுங்கள். நம் கற்பனை நிலையத்தில் ஒரேயொரு நீரிழிவு நிபுணரின் அடுக்கு ஆய்வுகூட வருமானத்தின் கால்பங்கு, அதாவது 9 மில்லியன், என்று தெரியவருகிறது. இரசாயனப் பொருட் செலவு ஆய்வுகூட வருமானத்தில் மூன்றிலொரு பங்கு என்பதால், அவர் போனால் மிச்சமாகும் செலவு 3 மில்லியன் மட்டுமே. சம்பளமும் வாடகையும் குறையாது. 6 மில்லியன் இலாபம் இல்லாமற் போகிறது. சீர்செய்த இலாபம் 12 மில்லியனில் சரிபாதி ஒருவரின் முத்திரையில் நிற்கிறது.

முத்திரையே இல்லாத சிட்டைகள், அதாவது நோயாளிகள் தாமாக வந்து செய்துகொள்ளும் பரிசோதனைகள், எவ்வளவு என்பதையும் எண்ணுங்கள். அந்த அடுக்கு பெரிதாக இருந்தால் மக்கள் நிலையத்தின் பெயரை நம்பி வருகிறார்கள் என்று பொருள். அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

ஐந்தாவது: வர்த்தமானியும் டொலரும்

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ், 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது; பின்னர் பட்டியல் நீண்டது. 2022இல் நாணய வீழ்ச்சியை ஈடுசெய்ய அந்த விலைகள் உயர்த்தப்பட்டன, 2023 ஜூனில் 60 மருந்துகளின் விலை 16 சதவீதம் குறைக்கப்பட்டது. பாமசி வைத்திருப்பவருக்கு இதன் பொருள், பழைய விலையில் வாங்கி அலுமாரியில் அடுக்கிய சரக்கை ஒரே நாளில் புதிய விலைக்கு விற்கவேண்டியிருக்கும் என்பதே. ஆகவே இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடாமல், இன்று விற்கக்கூடிய விலையோடு ஒப்பிட்டு, இரண்டில் குறைந்ததை எடுங்கள்.

ஆய்வுகூடத்தில் அடி வேறு திசையிலிருந்து வரும். பரிசோதனை இயந்திரமும் இரசாயனப் பொருட்களும் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. நம் நிலையத்தின் இரசாயனப் பொருட் செலவு 12 மில்லியன்; டொலர் 20 சதவீதம் ஏறி, உச்சவிலையாலோ போட்டியாலோ கட்டணத்தை உயர்த்த முடியாமற் போனால் 2.4 மில்லியன் இழப்பு, அதாவது இலாபத்தில் ஐந்திலொரு பங்கு. விலை உயர்த்த முடிந்த பரிசோதனைகள் எவை, முடியாதவை எவை என்று ஒரு பட்டியல் போட்டு, கடந்த நாணய வீழ்ச்சியின்போது நிலையம் எத்தனை வாரத்தில் கட்டணத்தை மாற்றியது என்று பழைய விலைப்பட்டியல்களைக் கொண்டு பாருங்கள். உரிமையாளரின் வாய்ச்சொல்லைவிட அந்தப் பட்டியல்கள் நம்பத்தகுந்தவை.

ஆறாவது: இன்றைய பெறுமதியைக் கணித்தல்

சீர்செய்த 12 மில்லியனிலிருந்து வரியாக 3 மில்லியனும், இயந்திரங்களைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 2.5 மில்லியனும், கூடுதல் தொழிற்படு மூலதனத்துக்கு (அன்றாடம் சுழலவிட வேண்டிய பணத்துக்கு) 0.5 மில்லியனும் கழித்தால் கையில் நிற்கும் காசுப்பாய்ச்சல் 6 மில்லியன். அடுத்த ஆண்டிலிருந்து அது 6 சதவீதம் வளரும் என்று கொள்வோம். மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5 சதவீதம் என்பதால் இது சற்றே துணிந்த எண்தான். அடுத்த ஆண்டுக் காசுப்பாய்ச்சலான 6.36 மில்லியனை, எதிர்பார்க்கும் வருவாய் வீதத்திலிருந்து வளர்ச்சி வீதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் இன்றைய பெறுமதி கிடைக்கும். எதிர்பார்க்கும் வருவாய் வீதம் 20 சதவீதம் எனில் பெறுமதி ஏறத்தாழ 45 மில்லியன். 24 சதவீதம் எனில் 35 மில்லியன். 30 சதவீதம் எனில் 26.5 மில்லியன்.

30 என்பது மிகையான எண் என்று எண்ணவேண்டாம். 2022இன் இறுதியில் 364 நாள் திறைசேரி உண்டியலே (அரசின் குறுங்காலக் கடன் பத்திரம்) 30 சதவீதத்தை ஒட்டிய வட்டி கொடுத்தது. ஆபத்தில்லாத அரச கடனுக்கு அவ்வளவு கிடைக்கும்போது, ஒரு நீரிழிவு நிபுணரை நம்பி நிற்கும் நிலையத்தை 20 சதவீதத்துக்கு யார் வாங்குவார்? 2024 இறுதியில் அதே உண்டியலின் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஒரே கட்டடம், ஒரே நோயாளிகள், ஒரே இலாபமாக இருந்தாலும், வட்டி வீதம் மாறியதால் மட்டும் பெறுமதி ஏறத்தாழ இரட்டிக்கக்கூடும். எனவே நீண்டகாலத் திறைசேரி முறியின் அன்றைய வீதத்தை அடித்தளமாக எடுத்து, சிறிய நிறுவனம், எளிதில் விற்கமுடியாமை, வைத்தியர் சார்பு என ஒவ்வொன்றுக்கும் கூட்டியதை அறிக்கையில் காரணத்தோடு எழுதுங்கள். வளர்ச்சியையும் வருவாய் வீதத்தையும் ஒரே பணவீக்க எதிர்பார்ப்பில் வைத்துக்கொள்வது முக்கியம்.

கொழும்பு பங்குப் பரிவர்த்தனையில் பட்டியலிடப்பட்டுள்ள ஆசிரி, நவலோக்க, லங்கா ஹொஸ்பிட்டல்ஸ் போன்றவற்றின் காலாண்டு அறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. துறையின் இலாப விகிதம் எங்கே போகிறது என்று அறிய அவற்றை வாசியுங்கள். ஆனால் அவற்றின் சந்தை மடங்கை ஒரு சிறு நிலையத்தின் மேல் அப்படியே போடக்கூடாது. அவற்றுக்குக் காணியும் கட்டில்களும் சத்திரசிகிச்சைக் கூடங்களும் உண்டு, பங்கை நாளைக்கே விற்றுவிடலாம்.

ஏழாவது: விலையில் கூட்டவேண்டியதும் கழிக்கவேண்டியதும்

காணி நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அதைத் தனியே மதிப்பிடுங்கள். தொழிலுக்குச் சந்தை வாடகையைச் செலவாகப் போட்டுவிட்டு, காணியைப் பேர்ச் கணக்கில் தகைமைபெற்ற விலை மதிப்பீட்டாளரிடம் விடவேண்டும். இரண்டையும் கலந்தால், நட்டத்தில் ஓடும் தொழிலைக் காணியின் விலை மறைத்துவிடும்.

ஆய்வுகூடத்தில் மின்னும் இயந்திரம் நிலையத்துக்குச் சொந்தமானதா என்று முதலில் கேளுங்கள். இரசாயனப் பொருட்களைத் தங்களிடமே வாங்கவேண்டும் என்ற நிபந்தனையில் விநியோகக் கம்பனியே இயந்திரத்தை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இங்கே பரவலானது. அப்படியானால் அது சொத்து அல்ல, மாதாந்தக் கொள்வனவுக் கடப்பாடு.

ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் ஒழுங்காகக் கட்டியுள்ளதா என்று பாருங்கள்; சம்பளத்தின் ஒரு பகுதியைப் "படி" என்று பிரித்துக் குறைவாகக் கட்டியிருந்தால் நிலுவையும் மேலதிகக் கட்டணமும் கம்பனியோடு சேர்ந்து உங்களிடம் வரும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். இருபது வருடம் இருக்கும் தாதியரும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரும் நிலையத்தின் பலம்; அவர்களுக்குச் சேரவேண்டிய தொகையை விலையிலிருந்து கழித்து ஒதுக்கி வைப்பது நேர்மையும் ஆகும்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையின் பதிவு, பாமசிக்கான ஔடத அதிகாரசபை அனுமதி, எக்ஸ்ரே இருந்தால் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபையின் உரிமம், மருத்துவக் கழிவகற்றல் ஒப்பந்தம் ஆகியவற்றின் மூலப்பிரதிகளைப் பாருங்கள். எவை புது உரிமையாளருக்குத் தானாக மாறா என்பதைச் சட்டத்தரணி சொல்லவேண்டும்.

எட்டாவது: ஒரே எண்ணோடு மேசைக்குப் போகாதீர்கள்

நம் நிலையத்துக்கு மூன்று நிலைமைகளை எழுதலாம். எல்லாம் இன்றுபோல் தொடர்ந்தால் 45 மில்லியன். டொலர் ஏறிக் கட்டணம் ஏறாவிட்டால் அதைவிடக் குறைவு. நிபுணரும் போய்விட்டால் பாதிக்கும் கீழே. விற்பவர் 80 கேட்கிறார். இந்த இடைவெளியைப் பேரம் பேசி மட்டும் நிரப்ப முடியாது. பணம் கொடுக்கும் முறையை மாற்றலாம். உதாரணமாக, 28 மில்லியன் கையொப்பமிடும் நாளில், மேலும் 17 மில்லியன் இரண்டு தவணைகளில், நோயாளர் எண்ணிக்கையும் அந்த நிபுணரின் பரிசோதனைச் சிட்டைகளும் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாவிட்டால் மட்டும். விற்பவருக்குத் தம் நிலையத்தில் உண்மையான நம்பிக்கை இருந்தால் இதை ஏற்பார். அவர் ஓராண்டாவது வாரத்தில் சில நாள் வந்து நோயாளிகளுக்கும் வைத்தியர்களுக்கும் புதியவரை அறிமுகப்படுத்துவதையும், அதே பகுதியில் மீண்டும் நிலையம் திறக்காதிருப்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டும். தவணைக்கான அளவுகோல் ரூபாயாக இல்லாமல் எண்ணிக்கையாக இருக்கட்டும். பணவீக்கம் வந்தால் ரூபாய் இலக்கை எவரும் எட்டிவிடலாம்.

அறிக்கையின் முதற்பக்கத்தில் மதிப்பீட்டுத் திகதியையும், அன்றைய திறைசேரி வீதத்தையும், டொலர் விலையையும், நடைமுறையிலுள்ள உச்சவிலை வர்த்தமானியின் இலக்கத்தையும் எழுதுங்கள். விலை பேசி முடித்த நாளுக்கும் உரிமை மாறும் நாளுக்கும் இடையில் நான்கைந்து மாதம் ஓடிவிடுவது இங்கே வழமை. அதற்குள் இவற்றில் ஏதேனும் ஒன்று கணிசமாக மாறினால் விலையை மீளக் கணிக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு என்ற வாசகத்தை முற்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.